சார்லஸின் இரண்டு டர்ன்டேபிள்கள்

ஜூன் 3, 2024, திங்கள்

நண்பன் சார்லஸ் கன்னிவாடியிலிருந்து வண்டி வைத்து, இசைத்தட்டு ஓட்டும் தன் டர்ன்டேபிள்கள் இரண்டையும் இறக்கிவிட்டுப் போனான். இரண்டும் எழுபதுகளில் செய்தவை. ஒன்று டைரக்ட் டிரைவ்: மோட்டார் தண்டின் மேலேயே சுழல்தட்டு உட்கார்ந்திருக்கும். மற்றது ஐட்லர்: நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் உரசித் தட்டைச் சுழற்றும். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதைத் தம்பி பிரிட்டோவுக்குக் கொடுப்பானாம்.

"எது நல்லாருக்குன்னு நீ சொன்னாப் போதும்ப்பா. உன் காது மேல அம்புட்டு நம்பிக்கை."

இயற்பியல் ஆசிரியராக ஓய்வுபெற்று ஆறு வருடம். இப்போது என்னைத் தேடி யாராவது வருவது இந்த வேலைக்குத்தான்.

ஜூன் 5

ரப்பர் சக்கரத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். இரண்டு மெஷினிலும் ஒரே ஊசி, ஒரே நாதஸ்வர இசைத்தட்டு. டைரக்ட் டிரைவில் நீண்ட சுரம் துளியும் அசையவில்லை. ஐட்லரில் தவில் அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து விழுகிறது. அடியில் மெல்லிய உறுமல் உண்டு, மன்னிக்கலாம். மற்றபடி சுத்தம். ஐட்லர்தான்.

ஜூன் 6

மழை வருவதுபோல் வந்து போய்விட்டது.

ஜூன் 8, சனி

காபி கொண்டுவந்த மனைவி லிடியா அறை வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க, அது என்ன கீச்சு கீச்சுன்னு? காதக் குடையுது."

"எது?"

"அந்தா, ரப்பர் சக்கரம் வச்சது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டேன். ஏழு தடவை. எது ஓடுகிறது என்று அங்கிருந்தே ஏழு தடவையும் சரியாகச் சொன்னாள்.

ஜூன் 9

செல்போனில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் ஆப் ஒன்றை இறக்கி ஐட்லர் பக்கத்தில் வைத்தேன். ஆறாயிரம் ஹெர்ட்ஸ் அருகே ஊசிபோல ஒரு கோடு. சக்கரத்தைத் தொட்டால் விழுகிறது, விட்டால் எழுகிறது. குனிந்து காதை ஒட்டி வைத்தேன். ஒன்றுமில்லை.

எப்ப இருந்து இப்படி? எனக்கே தெரியாமலா?

ஜூன் 13

மதுரையில் காது பரிசோதனை. டாக்டர் சின்னப் பெண். "கீச்சுன்னு உச்சத்துல வர்ற சத்தம் எல்லாம் ரெண்டு காதுலயுமே போயிருச்சு சார். அஞ்சாறு வருஷமாவே கொறஞ்சுட்டு வந்திருக்கும்."

லிடியாவுடன் பஸ்ஸில் திரும்பினேன். காந்திகிராமம் தாண்டுகையில் அந்த ஊர் இனிகோ நினைவுக்கு வந்தார். போன வருடம் தன் டர்ன்டேபிளில் ஏதோ சத்தம் என்று மூன்று முறை தூக்கி வந்தார். மூன்றாவது முறை, அவர் மனைவி எதிரிலேயே, "சத்தம் மெஷின்ல இல்ல சார், உங்க மண்டைக்குள்ள" என்றேன். பிறகு அவர் வரவில்லை.

ஜூன் 14

சார்லஸிடம் சொல்லிவிட்டேன். "அப்ப லிடியா தங்கச்சியக் கேட்டுச் சொல்லு" என்றான். அவ்வளவுதான்.

இனிகோவின் எண்ணை நாலு தடவை எடுத்து எடுத்து வைத்தேன். கடைசியில் பேசினேன். கோளாறு என் காதில்தான், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"நீங்க சொன்னதக் கேட்டு டாக்டர்ட்டயே போனேன் சார். காது இரையுதுன்னு ரெண்டு மாசம் மாத்திர சாப்ட்டேன்."

மெஷினைக் கொண்டுவரச் சொன்னேன். பாக்குறேன் என்றார்.

ஜூன் 19

ஐட்லர் சக்கரத்தின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது, மாற்றினேன். ஆப்பில் அந்தக் கோடு மறைந்துவிட்டது. லிடியா இரண்டையும் முழுசாகக் கேட்டாள். "வேல பாத்துக்கிட்டே கேக்கணும்னா டைரக்ட் டிரைவ். உக்காந்து கேக்கணும்னா இந்த ரப்பர் சக்கரம்" என்றாள். சார்லஸ் ஐட்லரை வைத்துக்கொண்டான்.

அவள் இரண்டு வரியில் சொன்னதை நான் எழுதியிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

ஜூன் 22, சனி

இனிகோ வந்தார். மெஷினை மேசையில் வைக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. லிடியா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். "இருக்குங்க. சன்னமா, விட்டு விட்டு வருது" என்றாள். இனிகோ சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "ஆமாம்மா. விட்டு விட்டுத்தான்."

நான் மெஷினுக்குப் பின்னால் நின்று மோட்டாரைப் பிடித்திருந்த திருகாணியைத் திருப்பினேன். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன்.

எனக்கு ஒரு மாற்றமும் கேட்கவில்லை. இனிகோ கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். சரியாகிவிட்டது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.