பின்கோடியில் ஏற்றிய பாரம்

ஜூன் 6

நாளை மலைக்குக் கிளம்புகிறோம். டிரெய்லரைக் கொக்கியில் மாட்டியதும் பிக்கப் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. எதிர்வீட்டு லாயல் சும்மா இருப்பானா? "என்ன டெல், உன் வண்டி வானத்தைப் பாக்குது?" மானம் போயிற்று. ஜெனரேட்டர், விறகு, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் டிரெய்லரின் பின்கோடிக்கு மாற்றினேன். வண்டி நிமிர்ந்துவிட்டது.

"கனம் முன்னாடிதானே இருக்கணும்?" என்றாள் என் மனைவி ஆர்டிஸ். முப்பது வருஷமாக இழுக்கிறேன், இவள் எனக்குச் சொல்கிறாள்!

ஜூன் 8

காஸ்பர் நகர ஆஸ்பத்திரி. ஆர்டிஸுக்கு மணிக்கட்டு முறிவு. எனக்குக் கீறல்கூட இல்லை.

நேற்று இறக்கத்தில் டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்தது. "ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடு! டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால அழுத்து!" என்று கத்தினாள். நான் பயத்தில், ஸ்டியரிங் பக்கத்திலிருக்கும் டிரெய்லரின் கைப்பிரேக்கை விட்டுவிட்டு, பிக்கப் பிரேக்கை மிதித்துத் தொலைத்தேன். பின்னாலிருந்த பாரம் எங்களைச் சுழற்றித் தடுப்புக் கம்பியில் மோதவிட்டது.

போலீஸ்காரரிடம் காற்றுதான் காரணம் என்றேன்.

ஜூன் 9

மகள் ஷெல்பியிடமும் காற்று என்றேன். ஆர்டிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 21

என் வண்டியில் ஏறவே மாட்டேன் என்கிறாள். எங்கே போனாலும் ஷெல்பியின் காரில்தான்.

"தப்பு என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லு டெல். அன்னிக்கு ஏறுறேன்."

சொன்னால் என்ன குறைந்துவிடும்? வாய் வரமாட்டேன் என்கிறது. என்ன ஜென்மமோ நான்.

ஜூலை 3

லாயல் கேட்டான். காற்று என்றேன்.

ஜூலை 18

டிரெய்லரைச் சரிசெய்து விற்றாயிற்று. எடுத்துப்போக பிரேடன் என்பவன் வந்தான். மனைவியும் கைக்குழந்தையும் வீட்டுச் சாமானும் அவன் பிக்கப்பில். மாட்டியதும் அவன் வண்டியும் பின்னால் தாழ்ந்தது. "சாமானையெல்லாம் பின்கோடியில போட்டா நிமிர்ந்துடும், இல்ல சார்?" என்றான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்ப்பா. நான் அதைத்தான் பண்ணினேன். என் பொண்டாட்டி கை உடைஞ்சது அதாலதான். காத்துன்னு ஊர் பூரா பொய் சொன்னேன். கனத்தை முன்பக்கம் வை. வண்டி தாழ்ந்தா பாரத்தைப் பங்கிடுற கொக்கி கிடைக்கும், அதை வாங்கி மாட்டிட்டு அப்புறம் இழு. ஆடினா பிக்கப் பிரேக்கைத் தொடாதே. டிரெய்லர் பிரேக்கைக் கையால அழுத்து."

சாமானை இறக்கி, இருவரும் டிரெய்லரின் முன்பக்கம் அடுக்கினோம். டிரெய்லரைக் கழற்றி இங்கேயே விட்டுவிட்டு, கொக்கி வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனான். திரும்பினால் வாசலில் ஆர்டிஸ். எல்லாம் கேட்டிருப்பாள். உள்ளே போனாள்.

ஜூலை 19

ஆர்டிஸுக்குக் கட்டுப் பிரிக்கும் நாள். காலையில் ஷெல்பிக்கு போன் செய்து, வரவேண்டாம் என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டினேன்.