மேல் தட்டுக்குப் போன உப்பு ஜாடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், நாய் சுகம், அப்பாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், உட்கார்ந்து படி. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் இந்த வீட்டின் வரலாற்றில் ஒரு மாபெரும் முடிவு எடுக்கப்பட்டது உனக்கு நினைவிருக்கும். அப்பாவின் ரத்தக் கொதிப்பை முன்னிட்டு உப்பு ஜாடி சாப்பாட்டு மேசையிலிருந்து அலமாரியின் மேல் தட்டுக்கு மாற்றப்பட்டது. நீ போனில் முன்மொழிந்தாய், நான் வழிமொழிந்தேன், எதிர்த்த ஒரே ஆளுக்கு நாற்காலியில் ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு கிராம் என்று நீ சொன்னதை, முப்பது வருஷம் கடைத் தராசுகளைச் சோதித்த அந்த எடை இன்ஸ்பெக்டரே தன் சின்னத் தராசில் நிறுத்து வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி சாப்பிட்டார், பிறகு திடீரென்று சமாதானமாகிவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

போன மாதம் நடை தள்ளாட ஆரம்பித்தது. சுவரெல்லாம் எறும்பு என்றார். ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, எந்தக் கடைம்மா நீங்க, லைசென்ஸை எடுத்துட்டு வாங்க என்றார். சிரித்தேன். மறுநாளும் அதையே கேட்டார், சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். நூற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய குளோரைடு நூற்று நாற்பத்தெட்டு. உப்பில் பாதி அதுதான் என்று லேப்காரர் சொன்னதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. புத்தி கலங்கிக் கிடந்த மனுஷனிடம் நின்று, திருட்டு உப்பு தின்ன வெட்கமா இல்லையா என்று கேட்டேன் கண்ணு. சத்தியமா ஒரு கல் உப்புகூடத் தொடலைம்மா என்றார், கடைக்காரியிடம் சொல்வது போலவே. நான் நம்பவில்லை, அந்த இரண்டு கிராமையும் நிறுத்தினேன். உப்பின் மறுபாதியான சோடியம் சரியாகத்தான் இருந்தது, அது எப்படி என்று பெரிய டாக்டரும் கேட்கவில்லை. மூளை தேய்ந்துவிட்டது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, காப்பகத்தில் சேர்க்க வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு ஃபாரத்தைக் கொடுத்தார்.

புதன்கிழமை நம் நாய் துரையின் வலிப்புப் பொடி தீர்ந்துபோனது. எது எப்படியானாலும் நாய்க்கு மருந்து தவறக்கூடாதே என்று கால்நடை டாக்டரிடம் போனேன். அவர் நோட்டைப் புரட்டி, ஆறு மாசத்துக்குக் கொடுத்த டப்பா ரெண்டே மாசத்துல எப்படிம்மா காலியாகும், நாய் தள்ளாடுதா என்று கேட்டார். நாய் நன்றாக நடக்கிறது, வீட்டுக்காரர்தான் தள்ளாடுகிறார் என்றேன். மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். டப்பாவைக் கொடுத்த அன்று, இது உப்புக் கரிக்கும், சோற்றில் போட்டால் நாய் ஆசையாகத் தின்னும் என்று அவர் சொன்னபோது உன் அப்பாவும் பக்கத்தில் நின்றிருந்தார். வீட்டுக்கு ஓடி வந்து தேடினால், மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வெள்ளைப் பொடிப் பொட்டலம் நான்கு, ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் மூன்று கிராம் என்று எழுதியிருக்கிறது. சத்தியம் பொய்யில்லை, ஒரு கல் உப்பு தொடவில்லைதான்.

அந்தப் பொடி புரோமைடாம். ரத்தம் பார்க்கும் மெஷின் அதையும் குளோரைடு என்றே எண்ணிவிடுமாம். உப்பைக் குறைத்தால் அது உடம்பை விட்டு வெளியேறாதாம், நான் நிறுத்திய ஒவ்வொரு சிட்டிகைக்கும் அது உள்ளேயே தங்கியிருக்கிறது. கால்நடை டாக்டர் போன் செய்தபோது பெரிய டாக்டர், நாய் வைத்தியர் எனக்குப் பாடம் எடுக்கிறாரா என்றாராம், பிறகு ரத்த ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துவரச் சொன்னாராம். அன்று மாலையே அதை வெளியேற்ற ஊசி வழியாக உப்புத் தண்ணீர் பாட்டில் ஏற்றினார்கள். புரோமைடைத் தனியாக அளக்கும் பரிசோதனைக்கு ரத்தம் வெளியூர் போயிருக்கிறது, திங்கட்கிழமை தெரியும். இன்று வெள்ளி. ஃபாரம் கையெழுத்தில்லாமல் கைப்பையில் இருக்கிறது, நர்ஸ் இரண்டு முறை கேட்டுவிட்டாள். இன்னும் என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

உன்னையே நொந்துகொள்ளாதே, அந்தத் தீர்மானத்தில் இரண்டு ஓட்டு இருந்தது. திங்கள்வரை டிக்கெட் போடாதே. போனை மட்டும் அணைத்து வைக்காதே. நீ நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும்.

உன் அம்மா

பி.கு. உறையை ஒட்டும்போது கண் விழித்தார். பாட்டிலின் லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தார். லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு, ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் பாட்டில், பதினெட்டுடி, உன் மககிட்ட சொல்லு என்றார். ஃபாரத்தை நர்ஸிடம் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.