அவர் சாகாத சாவு

அத்தை,

நேற்று பீரோவைத் துடைக்கும்போது அடித்தட்டிலிருந்து அந்துருண்டை வாசம் எழுந்தது. மாமாவின் பச்சைக் கம்பளிச் சட்டை. வங்காளதேசப் போருக்குப் போனவர் திரும்பவில்லை. பெட்டியில் இந்தச் சட்டைதான் வந்தது. கைக்குழந்தையோடு இருந்த நீங்கள் அன்றே அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தீர்களாம். "குண்டடி பட்டுச் செத்தாருங்கறாங்க. ஒரு ஓட்டையக் காணோமே அம்மிணி" என்று, நான் கல்யாணமாகி வந்த புதிதில் சொன்னீர்கள். வேறு சட்டை போட்டிருந்திருப்பார் என்றேன். "இருக்கும்" என்றீர்கள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஊர் நம்பியது. பள்ளிக்கூடத்தில் மாமாவின் படத்தை மாட்டி, குடியரசு தினம் வந்தால் உங்களை மேடையேற்றி மாலை போட வைத்தார்கள்.

பிறகு ஒரு நாள் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு பெரியவர் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். மாமாவோடு பட்டாளத்தில் இருந்தவராம். நம் ஊரில் கட்டிக்கொடுத்த பேத்தியைப் பார்க்க வந்தவர், பள்ளியில் படத்தைப் பார்த்தாராம். இத்தனை வருஷம் கழித்து எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. உங்கள் மகனோ அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை.

"நெஞ்சுல குண்டு வாங்கியும் துப்பாக்கிய உடலீங்க" என்றார் பெரியவர். உங்கள் மகன் கண்ணைத் துடைத்தார். நீங்கள் துடைக்கவில்லை.

"அப்ப நீங்க எங்கீங்க இருந்தீங்க?" என்று கேட்டீர்கள்.

"பக்கத்துலதானுங்க."

"இடுப்புல அடி அப்பப் பட்டதுங்களா?"

"ஆமாங்க."

"குண்டுங்களா?"

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"லாரிங்க. எல்லைக்குப் போற வழியில சேத்துல கவுந்துருச்சுங்க. ரெண்டு பேரும் அடியில மாட்டிக்கிட்டோம். தண்ணி கேட்டாருங்க. குடுத்தனுங்க. அப்பறம் பேச்சில்லீங்க. படத்துக்கு மாலை போட்டு வெச்சிருக்கறதப் பாத்துட்டு, இத எப்படீங்க சொல்றது?"

நீங்கள் அவரைத் திட்டவில்லை. இலை போட்டுச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினீர்கள்.

பாத்திரம் கழுவும்போது எனக்குத் தாங்கவில்லை. "அவரும் வண்டிக்கடியில நசுங்கிக் கெடந்தாருன்னா, தண்ணி எப்படிங்கத்தை குடுத்திருப்பாரு?" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? அத ஒண்ண மட்டும் நம்பிக்கறேன். உடு."

அடுத்து வந்த குடியரசு தினத்தில், தலைமையாசிரியர் வீரமரணம் என்று பேசி முடித்ததும் மைக்கைக் கேட்டு வாங்கினீர்கள். "அவரு லாரி கவுந்து செத்தாருங்க. சண்டைக்குப் போற வழியில. புள்ளைங்க அதையே படிக்கட்டும்" என்றீர்கள். யாரும் கைதட்டவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்துத்தான் பேசுகிறீர்கள் என்று பின்வரிசையில் கிசுகிசுத்தார்கள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்றும் காதில் விழுந்தது. அடுத்த வருஷம் உங்களை அழைக்கவில்லை.

உங்கள் மகனுக்குத்தான் ஆறவில்லை. "எங்கப்பன அனாதையா ரோட்டுல போட்டுட்டியேம்மா" என்று கத்தினார்.

"அவரு சாகாத சாவ அவர் மேல ஏத்தாத சாமி" என்றீர்கள். "அவரு செத்த சாவு போதும் அவருக்கு."

நாள் கணக்கில் உங்களோடு அவர் பேசவில்லை. அந்த வீட்டில் உங்கள் இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டு, யார் முகத்தில் என்ன ஓடுகிறதென்று பார்த்தபடியே நடமாடினேன்.

இப்போது நீங்கள் இல்லை. எல்லையில் சண்டை என்று செய்தி வந்தால் ஃபோனெல்லாம் வீரக்கதையாக நிறைகிறது. எதையும் நம்ப வரவில்லை எனக்கு. உங்கள் மகன் மாறிவிட்டார், அத்தை. அப்பாவைப் பற்றிக் கேட்பவர்களிடம் லாரி கவிழ்ந்ததைத்தான் சொல்கிறார். தண்ணீர் கொடுத்த இடம் வரும்போது அவர் குரல் தழைந்துவிடுகிறது. நான் குறுக்கே பேசுவதில்லை.