வார்னிஷ் அடித்த பெஞ்சு

11-2-2012, சனி

காலையில் நல்ல பனி. எட்டரை வரை மாடியில் ஈரம் காயவில்லை.

நேற்று சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து அண்ணி போன். எட்டு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் போன். அண்ணனுக்கு மூச்சிரைப்பு ஜாஸ்தியாம். பஞ்சு மெத்தையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"தரையில படுத்தா எழுந்திருக்க முடியல சுமதி. அந்தப் பலாமர பெஞ்சு ஒங்கிட்டதானே இருக்கு, அதக் கேக்குறாரு."

கொண்டுவந்து தருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன்.

ஆறடிப் பெஞ்சு. மேலே இரும்பு வளையத்தில் வைத்த நான்கு பூந்தொட்டிகள். டிசம்பர் புயலில் உடைந்த ஐந்தாவது தொட்டியின் மண் இன்னும் அப்படியே. காக்கை எச்சம். மரம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. வந்த புதிதில் ஒரு வருஷம் கூடத்தில் இருந்தது. டிவி ஸ்டாண்டு வாங்கியதும் மாடிக்கு ஏற்றினோம். ஏழு மழைக்காலம்.

12-2, ஞாயிறு

இவரும் பக்கத்து வீட்டுக்காரரும் கீழே இறக்கிக் கொடுத்தார்கள். இவர் முணுமுணுத்தார்: "அப்பவே சொன்னேன், கீழயே கெடக்கட்டும்னு." அப்படி அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

தேங்காய் நார், பூந்திக்கொட்டைத் தண்ணீர். மூன்று தடவை தேய்த்தேன். கறுப்பாக ஓடியது. பிறகு பார்த்தவை:
— நான்கு கறுப்பு வட்டம் (இரும்புக் கறை)
— இடது பக்கம் விரல் நுழையும் விரிசல்
— ஒரு காலின் அடி பொத்துப் போயிருக்கிறது
— செல் அரிக்கவில்லை. அதுவரை தப்பித்தேன்.

அந்த நாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அப்பாவின் வீட்டைக் காலி செய்தபோது பெஞ்சு எனக்கு வேண்டும் என்றார் அண்ணன். ஒரே வார்த்தைதான். எல்லாம் உனக்கேவா என்று கத்திவிட்டு மினி லாரியைக் கூப்பிட்டது நான். வீட்டில் போட இடம் இருக்கிறதா என்றுகூட யோசிக்கவில்லை. அண்ணன் தடுக்கவில்லை. கேட் பக்கம் நின்று ஏற்றுகிறவர்களிடம், "பாத்து ஏத்துங்கப்பா, கால் ஒடஞ்சிடப் போவுது" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

15-2, புதன்

மதியம் ஆபீசில் இருக்கும்போது அண்ணனே பேசினார். குரல் காற்றாக இருக்கிறது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை நிறுத்துகிறார்.

"எப்பம்மா கொண்டார?"

"ஞாயித்துக்கெழமண்ணா. கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டு..."

"என்ன சுத்தம். ஈரத்துணியில தொடச்சிட்டு அப்பிடியே கொண்டா, போதும்."

சரி என்றேன். மாடியில் போட்டிருந்ததைச் சொல்லவில்லை.

18-2, சனி

லீவு போட்டேன். புயலுக்குப் பிறகு ஊரில் ஆசாரி கிடைப்பதில்லை, எல்லோர் வீட்டிலும் கதவும் ஜன்னலும் போய்விட்டன. நானே உப்புத்தாள் வாங்கி வந்து தேய்த்தேன். முதலில் முரடு, பிறகு நைசு. மூக்கில் துண்டு. பதினோரு மணிக்குச் சாம்பல் தோல் விட்டு உள்ளே மஞ்சள் தெரிந்தது. கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். வட்டங்கள் மட்டும் போகவில்லை. எலுமிச்சையும் உப்பும் போட்டேன். வெளுத்தது, மறையவில்லை.

தெருவில் இன்னொரு வீட்டில் வேலை செய்யும் ஆசாரி போகிற வழியில் எட்டிப் பார்த்தார். காலடியைச் சீவி ஒரு துண்டு வைத்துக் கொடுத்தார்.

"பாலிஷே பாக்காத மரம்மா இது. இப்பிடியே வுட்டுடுங்க. வெறும் பலக, ஒடம்புக்குக் குளுமையா இருக்கும். கற கெடந்துட்டுப் போவுது."

"கற தெரியாம பண்ண முடியாதா?"

"டார்க்கா வார்னிஷ் அடிச்சா மறைஞ்சிடும். ஆனா வாசன போவ பதினஞ்சு நாளாவும்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் போன பிறகு கடைக்குப் போனேன்.

22-2, புதன்

இரண்டாவது கோட். நாள் பூராவும் கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை, காயவில்லை. விரல் வைத்தால் ரேகை விழுகிறது. ஞாயிறு போக முடியாததற்கு வண்டி கிடைக்கவில்லை என்று அண்ணியிடம் ஒரு பொய். இன்றைக்கும் அதே பொய்.

"சரி சுமதி, முடிஞ்சப்ப கொண்டா" என்றார். பின்னால் அண்ணன் இருமுவது கேட்டது.

வட்டங்கள் சுத்தமாகத் தெரியவில்லை. சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

26-2, ஞாயிறு

கா. 10 சிதம்பரம். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். பாதியாகிவிட்டார். சட்டை அவருடையது மாதிரியே இல்லை.

பெஞ்சைப் பார்த்துச் சிரித்தார். "யாரு வூட்டு பெஞ்சு இது?"

உள்ளே போட்டோம். உட்கார்ந்தார். தடவிப் பார்த்தார். பத்து நிமிஷம் இருக்காது, இழுப்பு வந்துவிட்டது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குகிறது, பேச்சில்லை. அண்ணி மருந்து எடுக்க ஓடினார். நானும் வண்டிக்காரரும் பெஞ்சைத் தூக்கித் தோட்டத்தில் போட்டோம்.

அடங்க அரை மணி நேரம். ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணும் இல்ல, காஞ்சிடும்" என்று என்னைத் தேற்றுகிறார்.

சொல்லிவிட்டேன். மாடி, மழை, தொட்டி, கறை, ஆசாரி சொன்னது, எல்லாம்.

அண்ணன் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். பிறகு, "நானும்தான் ஒரு நாள் ஒன் வூட்டுக்கு வந்திருக்கலாம். வந்திருந்தா கண்ணுல பட்டிருக்கும். தூக்கி உள்ள போடுன்னு சொல்லியிருப்பேன்."

அண்ணி காபி கொண்டுவந்தார். குடிக்க முடியவில்லை. குடித்தேன்.

4-3, ஞாயிறு

வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று உப்புத்தாளோடு போனேன். அண்ணி தோட்டத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம் சுமதி. தூசி பறந்தா அவருக்கு அதுவும் சேராது."

உண்மைதான். எனக்கு ஏன் தோன்றவில்லை?

உள்ளே நாடாக் கட்டில். வியாழக்கிழமை வாங்கினார்களாம். "நல்லாத்தான் இருக்கு, காத்தும் வருது" என்றார் அண்ணன். "பெஞ்ச நீயே வச்சிக்க." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம்.

11-3, ஞாயிறு

வெயில் ஆரம்பித்துவிட்டது. இந்த முறை கையில் ஒன்றும் இல்லை, ஆரஞ்சு மட்டும். பெஞ்சைப் பற்றி யாரும் எடுக்கவில்லை.

மதியம் போனபோது அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்றேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மூச்சை எண்ணினேன், விட்டேன், மறுபடி எண்ணினேன். நாலரைக்குக் கண் திறந்தார்.

"எப்ப வந்த?"

"இப்பதாண்ணா."

"இரு, போயிடாத" என்றவர் மறுபடி தூங்கிவிட்டார். ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டேன். ஆறரை பஸ்ஸையும் விட்டேன்.