அப்பாவின் நினைவுக் கோதுமை

அன்பு மகன் தவ்ஃபீக்குக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் லமியா அத்தையும் நன்றாக இருக்கிறோம், அத்தையின் வாய் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே நலம். மொன்றியாலில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமா? அங்கே பனி இடுப்பளவு என்றாய், இங்கே கணுக்காலளவுதான், ஆனால் போருக்குத் தப்பி வந்து ஊருக்கு வெளியே உருளைக்கிழங்குக் காட்டில் கூடாரம் போட்டிருக்கும் சிரியாக்காரர்களுக்கு அதுவே கழுத்தளவு. பூசையில் மிஞ்சுவதை அவர்களுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றதும் நீ, அப்பாவைக் குண்டு போட்டுக் கொன்ற நாட்டுக்காரனுக்கு அப்பாவின் நினைவுக் கோதுமையையா கொடுப்பாய், கொடுத்தால் இனி என்னைக் கூப்பிடாதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். கொடுத்துவிட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் இந்த வருட நினைவுப் பூசைக்கும் கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் பாதாமும் மாதுளை முத்தும் போட்டு எடுத்துப் போனேன். தின்றவர் இறந்தவருக்காக ஒரு வார்த்தை சொல்லாமல் கிண்ணத்தைக் கீழே வைக்கக் கூடாதே, நம் ஊர்க்காரர்களும் 'ஆண்டவர் மித்ரிக்கு இரங்கட்டும்' என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு விலைவாசி பேசப் போய்விட்டார்கள். அண்டாவில் பாதிக்கு மேல் மிச்சம். வாரா வாரம் கூடாரங்களுக்குப் பருப்புக் கஞ்சி கொண்டு போகிற வண்டியிலேயே அதையும் ஏற்றினேன். அத்தை குறுக்கே வந்து நின்று, எங்கண்ணன் தலையில குண்டு போட்டவங்களுக்கு இனிப்பு ஒரு கேடா அண்ணி என்றாள். உங்கண்ணன் கடைக்கு வந்தவனை எந்த ஊருன்னு கேட்டா ரொட்டி குடுத்தாரு, தள்ளு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பெண்களும் பிள்ளைகளும் தின்று, சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். அபூ ஹம்மூத் மட்டும் கிண்ணத்தைத் தொடவில்லை. சிரியாவில் ஹோம்ஸ் பக்கத்து ஆள், இன்னும் அறுபதைத் தொடவில்லை, பார்த்தால் எண்பது சொல்லலாம், என் அண்டாவை இறக்க எப்போதும் முதலில் ஓடி வருவது அவர்தான். என்ன, பல்லு போயிருச்சா என்று கேலி செய்தேன். கூட்டம் கலைந்த பிறகு மெல்ல, தவ்ஃபீக் அம்மா, இதைத் தின்ன எனக்கு யோக்கியதை இல்ல, குண்டு விழுந்த அந்த வருசம் நான் சிரியாப் பட்டாளத்துல உங்க ஊருக்கு மேல அந்த மேட்டுல நின்னேன், பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் குடுக்குற வேலை, எது எங்க விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது என்றார்.

மகனே, பொய் சொல்ல மாட்டேன். கையிலிருந்த கரண்டியை அவர் தலையில் இறக்கத்தான் தோன்றியது. மன்னிப்பெல்லாம் எனக்கு வரவில்லை, இன்றுவரை வரவில்லை, சாமியார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் பசித்தவன் முன்னால் வைத்த கிண்ணத்தைத் திருப்பி எடுக்க எந்தச் சாமியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தின்னு, தின்னுட்டு எல்லாரும் சொன்னதை நீயும் சொல்லு, அவர் பேரு மித்ரி, பேரைச் சொல்லித்தான் சொல்லணும் என்று எதிரே உட்கார்ந்துகொண்டேன். கண்ணீர் தாடியில் இறங்க இறங்கத் தின்றார். அடியில் ஒட்டியதையும் வழித்துத் தின்றுவிட்டு, அல்லா மித்ரிக்கு இரங்கட்டும் என்றார். தவ்ஃபீக், உன் அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட யாரும் அந்தப் பெயரை அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை.

அத்தையிடம் சொன்னேன், ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, அதுவே பெரிய புதுமை. வீட்டை விற்றுவிட்டு உன்னிடம் வரச் சொல்கிறாய், வர மாட்டேன். எனக்கு இங்கே வேலை இருக்கிறது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் உனக்குப் போன் செய்வேன், எடுக்காவிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும். அடுத்த வருடமும் அண்டா அங்கேதான் போகும். தடுக்க வேண்டுமானால் நேரில் வா. வந்தால் முதல் கிண்ணம் உனக்கு, ஆனால் அபூ ஹம்மூத் பக்கத்தில் உட்கார்ந்துதான் தின்ன வேண்டும்.

மாதா உன்னையும் உன் வீட்டையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். சின்னவனுக்குக் காதை மூடித் தொப்பி போடு, மறக்காதே.

நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் உன் அம்மா,
அதீபா