மல்லாரிக்கு எழுந்து நின்றேன்

சிங்கப்பூர்
மே 2008

அன்புள்ள விருத்தாம்பாளுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? நம்ம மகள் இளமதிக்குக் காய்ச்சல் விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை நம்ம சிதம்பரம் நடனசபாபதியின் நாதஸ்வரக் கச்சேரி இங்கே ஏசி அரங்கில் நடந்தது. தனியாகத்தான் போனேன். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை அவர் எடுத்ததும், நம்மூர்க் கீழவீதியில் நிற்கிற நினைப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்துவிட்டேன். “அண்ணே, உக்காருங்க, மறைக்குது” என்றார் பின்னால் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

உட்கார்ந்த பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லாரி முடிந்தது. சாமி வரவில்லை.

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகிற லாரி வந்துவிட்டது. ஆனித் தேரன்று மிஸ்டு கால் கொடு, நான் கூப்பிடுகிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். போனை மேளத்தின் பக்கம் தூக்கிப் பிடி. நின்றுகொண்டே கேட்பேன்.

தேவநாதன்