மேட்டுக்கொல்லையில் இருபத்தொரு வட்டங்கள்

இன்று காலை ஆவடி மார்க்கெட் பக்கத்துப் பிரின்ட் கடைக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு மாடி எடுக்கப் போகிறோம். பெரியவனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது, கீழே இடம் போதாது. பிளானுக்கு நாலு நகல் கேட்டிருந்தார்கள். கடைக்காரர் அம்மோனியா ஆவி காட்டும் பெட்டியிலிருந்து தாளை உருவியதும் அந்த நெடி முகத்தில் வந்து மோதியது. கண் நிறைந்துவிட்டது. ஃபேனுக்குக் கீழே வந்து நில்லுங்கள், புதிதாக வருகிறவர்களுக்கு அப்படித்தான் எரியும் என்றார். தொழிற்சாலை டிராயிங் ஆபீசில் உன் பக்கத்து மேசையில் பத்தொன்பது வருஷம் அதே நெடியில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கண் எரியாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டேன். இன்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்டுத் தரும் படத்தை மெழுகுத் துணியில் மை கொண்டு நகலெடுக்கும் டிரேசர் வேலை. நீ பட்டாபிராமில் பிறந்தவள், ரயில்வேக்காரர் மகள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என் வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். வட்டம் என்றால் எல்லாரும் உன்னிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். மை எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று உன் வட்டத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. என் வட்டத்தில் சேருமிடத்தில் ஒரு சின்ன மரு இருக்கும். "இன்னாடி மீனா, உன் வட்டத்துக்கு மட்டும் கொப்புளம் வந்துகினே கீது" என்பாய்.

பட்டாபிராமுக்கு மேற்கே, ரயில் சைடிங் தாண்டி, மேட்டுக்கொல்லையில் தேவராஜ் என்பவர் மனை போட்டிருக்கிறார் என்ற செய்தி நம் ஆபீசுக்கு வந்தபோது முதலில் ஆசைப்பட்டது நான்தான். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே என்ற பயம் அங்கே குடியிருந்த எல்லாருக்கும் உண்டு. எனக்குக் கொஞ்சம் அதிகம். அப்பா இறந்த மறுமாதமே வாடகை வீட்டிலிருந்து சாமான்களோடு தெருவுக்கு வந்தவள் நான். அடுத்தடுத்த மனையாக இரண்டு வாங்கினோம். நடுவில் சுவர் வேண்டாம், செம்பருத்தி வேலி போதும் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

பத்திரம் முடிந்த பிறகுதான் இடத்தை நிதானமாகப் பார்க்கப் போனோம். செம்மண் மேடு. முளைக்குச்சி அடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோடுகளுக்கு நடுவே இடுப்பளவு கருங்கற்கள் கிடந்தன. பாண்டு குழி என்று ஊர்க்காரர்கள் அதைச் சொல்வார்கள், ஆடு மேய்ப்பவர்கள்கூட அந்தக் கற்களுக்கு நடுவே உட்கார மாட்டார்கள் என்று நீ சொன்னாய். நான் கல்லை அப்புறப்படுத்த எவ்வளவு ஆகுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு அடி எண்ணிக்கொண்டு நடந்தாய். ஒரு சுற்று வந்து என் எதிரே நின்றாய்.

"இதெல்லாம் சும்மா கெடக்குற கல்லு இல்லடி. காம்பஸ் வெச்சுப் போட்ட மாதிரி கீது."

அடுத்த மாதம் கிழக்குப் பக்கத்து மனையில் கிணறு தோண்டினார்கள். ஆள் உயரம் போனதும் கடப்பாரை மண்பாண்டத்தில் இடித்தது. அடியில் குட்டைக் குட்டைக் கால்கள் வைத்த நீளமான சுடுமண் தொட்டி. உள்ளே தங்கம் இருக்கும் என்று உடைத்திருக்கிறார்கள். இருந்தது எலும்பும் இரண்டு கறுப்புச் சட்டியும் துருப்பிடித்த இரும்பும். நாம் போனபோது எல்லாம் மண்ணோடு வெளியே கொட்டிக் கிடந்தது. நீ குனிந்து ஒரு துண்டைக் கையில் எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். உன் அம்மாவைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "இதுவும் யாரோ அம்மாவோ அப்பனோ தானே, மீனா. காலு நீட்டிப் படுக்கட்டும்னு தொட்டி செஞ்சு வெச்சிருக்காங்க" என்றாய். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நம் மனைக்குக் கீழேயும் இப்படி இருந்தால் அஸ்திவாரம் இறங்குமே என்றுதான் என் புத்தி போயிற்று.

நீ லீவு போட்டுவிட்டு எழும்பூரில் தொல்லியல் துறை அலுவலகத்துக்குப் போனாய். அங்கே இருந்த அதிகாரி நல்லவர். சமணமும் பௌத்தமும் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே புதைத்தவையாக இருக்கலாம், எத்தனை இருக்கின்றன, எந்தெந்த சர்வே எண்ணில் இருக்கின்றன என்று ஒரு படம் கிடைத்தால் நேரில் வர வசதியாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினார். படம் என்றால் உன்னிடம் சொல்லவா வேண்டும்? ஐந்து ஞாயிற்றுக்கிழமை, நீ சர்ச்சிலிருந்து நேரே வருவாய், நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஏன் வந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நீ கூப்பிட்டாய், வந்தேன். இருபத்தொரு வட்டங்கள். தேவராஜின் மனைப் பிளானுக்கு மேல் மெழுகுத் துணியை விரித்து ஒவ்வொன்றையும் நீ வரைந்தபோது, எந்த மனையில் எது வருகிறது என்று பார்த்தாலே தெரிந்தது. உன் மனையில் ஒன்றரை. என் மனையில் ஒன்று, சரியாக நடுவில்.

படத்தைப் பார்த்ததும் அதிகாரி செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் அதை நீ என்னிடம் சொன்னாய். யாரிடமும் சொல்லாதே, உன் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாதே என்றாய். சரி என்று தலையாட்டினேன்.

அதற்குள் மனை வாங்கியவர்கள் மத்தியில் பேச்சு பரவியிருந்தது. சர்க்கார் கண் பட்டால் ஒரு செங்கல் வைக்க முடியாது, போட்ட பணம் போனது போனதுதான் என்று ஆளுக்கு ஆள் பயமுறுத்திக்கொண்டார்கள். ஒருத்தர் உன் காதில் படும்படியே, குடும்பம் குட்டி இல்லாதவளுக்கு என்ன கஷ்டம் தெரியும் என்றார்.

இங்கேதான் மூன்று முறையும் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனேன்.

சனிக்கிழமை சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வாய் தவறிச் சொல்லவில்லை. சண்டையில் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. "செவ்வாய்க்கிழமை எழும்பூர்லேருந்து ஆபீசர் வாராராம்" என்று நானாகச் சொன்னேன். "இத விட்டா நமக்கு வேற போக்கிடம் இல்ல, பாத்துக்க" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு மீதிக் காயையும் நறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சில் இருந்த நேரத்தில் புல்டோசர் வந்தது. யாரோ ஓடிவந்து உன்னிடம் சொல்ல, பாதி ஆராதனையில் எழுந்து வந்தாயாம். நான் போனபோது கூட்டம் நின்றது. மேடு முழுக்கச் சிவப்பாகப் புரட்டிப் போட்டுக் கிடந்தது. கற்கள் ஒரு ஓரமாக அம்பாரமாய்க் குவிந்திருந்தன. நம் மனைகள் இருந்த வடக்கு மூலை மட்டும்தான் மிச்சம். அங்கே ஒரு கல்லின் மேல், சர்ச்சுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையோடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய்.

தேவராஜ் கத்தினார். மனைக்காரர்கள் கத்தினார்கள். ஓட்டுநர் இறங்கி வந்து உன் எதிரே நின்றார். "எம்மா, நான் கூலிக்கு ஓட்டுறவன். எந்திரிச்சுக்கங்க" என்றார்.

"நீ கூலிக்கு ஓட்டு நைனா. நான் சும்மாதான் குந்தினு கீறேன். என் மனை இது."

அவர் உன்னைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், சாப்பிட்டு வருகிறேன் என்று தேவராஜிடம் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. உன் வீரத்துக்குப் பயந்து போனார் என்று பிற்பாடு நம் ஆபீசில் கதை சொன்னார்கள். அவருக்குப் பசி என்றுதான் நீ சொல்வாய்.

கூட்டத்தில் என்னைப் பார்த்தாய். பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிக் கையால் கல்லைத் தட்டினாய். என் வீட்டுக்காரர் எனக்கு இரண்டடி தள்ளி நின்றார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். இருபத்தொன்று இருந்த இடத்தில் ஐந்தைப் பார்த்தார். குவித்துப் போட்ட கற்களுக்கு நடுவே வெகுநேரம் நடந்து பானை ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தார். முழு மேட்டையும் காப்பதற்கு இனி ஒன்றும் இல்லை, ஆனால் லே-அவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தை இந்த மூலைக்கு மாற்றினால் மிச்சம் இருப்பதாவது நிற்கும், நான் பஞ்சாயத்துக்கு எழுதுகிறேன் என்றார். அதற்கு நாலு மனைக்காரர்கள் தங்கள் இடத்தை விட்டுக்கொடுத்து, பதிலுக்குப் பழைய பூங்கா இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அது கால்வாயை ஒட்டிய பள்ளம்.

முதலில் நீ எழுதிக் கொடுத்தாய். மற்ற இருவர் வீட்டுக்கு எத்தனை முறை நடந்தாயோ, அவர்களையும் சம்மதிக்க வைத்தாய். எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு முறைதான் வந்தாய். என் வீட்டுக்காரர் முடியாது என்றார். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் காபி ஆற்றினேன். அந்தக் காபியைக் குடித்துவிட்டு, "சரி மீனா, நாலு வட்டமாச்சும் நிக்கட்டும்" என்று எழுந்து போனாய்.

ஆக நாலு வட்டம் நின்றது. ஐந்தாவதின் மேல் என் வீடு நிற்கிறது. அஸ்திவாரம் எடுத்த நாளில் நான் வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கான்கிரீட் போட்டாகிவிட்டது. கீழே என்ன கிடைத்தது என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. கூடத்தில் எந்த இடம் அது என்று மட்டும் உன் படத்தை வைத்து எனக்குத் தெரியும். அங்கே பாய் விரிக்க மாட்டேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் தரை சில்லிடுகிறது என்பேன்.

நீ பள்ளத்தில் சின்னதாய் ஒரு வீடு கட்டித் தம்பி குடும்பத்தோடு இருந்தாய். ஐப்பசி மழைக்கு உன் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆபீசுக்கு வருவாய். பூங்காவுக்கு வேலி போடவும், கேட் போடவும், பஞ்சாயத்துக்கு எத்தனை மனு எழுதினாய். வட்டத்துக்குள் குப்பை கொட்டினால் சண்டை. மாடு கட்டினால் சண்டை. ஒருமுறை கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து உண்டியலும் வைத்துவிட்டார்கள். நீ வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள் அதை எடுத்தால் வம்பாகும் என்று அன்றைக்கு என்னைக் கூப்பிட்டாய். நான்தான் போய்ப் பேசி எடுக்கச் செய்தேன். திரும்பும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தாய். அந்தக் கையின் கனம் எனக்குத் தாங்கவில்லை.

போன வருஷம் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த கடைசி நாள், தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"அன்னிக்கு ஞாயித்துக்கெழம வண்டி வரும்னு உனக்குத் தெரியுமா, மீனா?"

"தெரியாது" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. தயாராக இருந்தது போல் வந்தது. நீ தலையசைத்தாய். பிறகு, மழைக்காலம் வருகிறது, பூங்கா கேட்டின் பூட்டு இறுகிக்கொள்ளும், எண்ணெய் விட வேண்டும் என்றாய்.

உன் அடக்கம் முடிந்த மறுநாள் உன் தம்பி அந்தச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். "அக்கா உங்ககிட்டதான் குடுக்கச் சொல்லிச்சு" என்றான். வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். இல்லை என்றான். என் வீடுதான் பக்கத்தில் இருக்கிறது, அதனால் கொடுத்தாயா? எல்லாம் தெரிந்து கொடுத்தாயா? இரண்டில் எதையும் நம்பி நிம்மதியாக இருக்க முடியவில்லை. தினமும் காலையில் போய்த் திறக்கிறேன். போன மாதம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு அங்கே குழி எடுக்க வந்தார்கள். உன்னைப்போல் கல்லில் உட்காரவில்லை. நாலு நாள் லீவு போட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்து, வேறு இடம் காட்டினேன். என்ன இருந்தாலும் சிநேகிதிக்காகச் செய்கிறாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

போன வாரம் எழும்பூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய அதிகாரி ரிட்டயர் ஆகிவிட்டாராம். இந்தப் பக்கத்து இடங்களையெல்லாம் புதிதாகப் பதிவெடுக்கிறார்கள். நான் கேட்டைத் திறந்துவிட்டுக் கூடவே நடந்தேன். மொத்தம் எத்தனை இருந்தது என்று கேட்டார். இருபத்தொன்று என்றேன். உன் படத்தின் நகலைக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, வரைந்தவர் யார் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன், எழுத்துக்கூட்டி எழுதச் செய்தேன்.

"மீதியை யாரும்மா எடுத்தது?"

"நான்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நாங்கதான்" என்று வந்தது. நாங்கள் என்றால் யார் என்று கேட்டார். மனை வாங்கினவங்க என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். உன் பெயர் இருக்கும் அதே பக்கத்தில் அதுவும் இருக்கிறது.

அதைத் திருத்தச் சொல்லி எழும்பூர் போக வேண்டும். அந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறேன். நேற்றுப் பட்டாபிராம் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். டிக்கெட்டும் எடுத்தேன். நான் ஏற வேண்டிய சென்ட்ரல் வண்டி வந்து நின்றது. அது கிளம்பிப் போகும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.